முதல் மழைக்குக் காத்திருந்தவர்கள்

மேற்கே வானம் கறுத்துவிட்டது. வேப்பங்கிளைகள் இரண்டு பக்கமும் சாய்ந்து ஆடுகின்றன. முற்றத்தில் காயப்போட்ட மிளகாயை முறத்தில் அள்ளிக்கொண்டு எல்லோரும் உள்ளே ஓடுகிறார்கள். இன்னும் ஒரு துளிகூட நம் தலையில் விழவில்லை. அதற்குள் மூக்குக்குச் செய்தி வந்துவிடுகிறது. பக்கத்து ஊரில் மழை!

குழந்தைகளே, மண்வாசனை வந்ததும் மனசு ஏன் இப்படித் துள்ளுகிறது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று சொல்லலாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மழைத்தண்ணீருக்கு வாசனை கிடையாது. வெயிலில் காய்ந்த மண்ணை அள்ளி முகர்ந்தாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. இரண்டும் சேரும்போது மட்டும் தெருவே மணக்கிறதே, எப்படி?

ஆஸ்திரேலியாவில் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதே கேள்வியைக் கேட்டார்கள். வெயிலில் நெடுநாள் கிடந்த பாறைத் துண்டுகளை எடுத்து, அவற்றின் வழியாக நீராவியைச் செலுத்தினார்கள். மஞ்சள் நிறத்தில் ஒரு எண்ணெய் கிடைத்தது. முகர்ந்தால் மழை வாசனை! மழை இல்லாத நாட்களில் செடிகொடிகளிலிருந்து வரும் எண்ணெய்கள் மண்ணிலும் பாறையிலும் படிந்துகொண்டே இருக்கின்றன. காற்றில் ஈரம் ஏறியதும் அவை வெளியே வருகின்றன. 1964-ஆம் ஆண்டு இதை அறிவியல் இதழில் எழுதி, அந்த வாசனைக்குப் ‘பெட்ரிகோர்’ என்று பெயரும் வைத்தார்கள்.

ஆனால் அவர்களுக்கு முன்பே நம் நாட்டில் இந்த வாசனையைப் பிடித்துப் புட்டியில் அடைத்தவர்கள் இருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் கன்னோசி என்ற ஊர் அத்தருக்குப் பெயர்போனது. அங்கே களிமண் வில்லைகளைச் சுட்டு, செப்புப் பானையில் தண்ணீரோடு போட்டு, மூடி, அடியில் தீ மூட்டுகிறார்கள். எழும் ஆவி ஒரு மூங்கில் குழாய் வழியாகப் போய், சந்தன எண்ணெய் இருக்கும் இன்னொரு பாத்திரத்தில் இறங்குகிறது. சந்தன எண்ணெய் அந்த மண்வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதற்குப் பெயர் ‘மிட்டி அத்தர்’. மிட்டி என்றால் இந்தியில் மண். நல்ல கோடையிலும் ஒரு சொட்டு எடுத்துப் புறங்கையில் தடவினால் மழை வந்த மாதிரி இருக்கும்.

செடியின் எண்ணெய் பாதிக் கதைதான். மீதிப் பாதி, கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிரின் வேலை. மண்ணில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாக்கள் உண்டு. வேறு பல பாக்டீரியாக்கள் தனித்தனிப் புள்ளிகளாக இருக்கும். இவை மெல்லிய இழைகளாக மண்ணுக்குள் படர்ந்து வளரும். நிலைமை மோசமாகும்போது, கெட்டியான தோலுள்ள நுண்விதைகளை உண்டாக்கிவிட்டுக் காத்திருக்கும். இந்தப் பாக்டீரியாக்கள் தயாரிக்கும் ஒரு பொருள் ஜியோஸ்மின். மழை பெய்ததும் நம் மூக்குக்கு வருவதில் பெரும் பங்கு இதுதான். நம் மூக்கு இதில் மகா கெட்டி. ஒரு லட்சம் கோடி பங்கு தண்ணீரில் சில பங்கு ஜியோஸ்மின் கலந்திருந்தாலே கண்டுபிடித்துவிடும்.

ஜியோஸ்மினை நீங்கள் மழையில் மட்டும் சந்திக்கவில்லை. பீட்ரூட்டை நறுக்கும்போது வரும் மண்வாடை இதுதான். ஏரி மீனில் ‘சேற்று வாடை அடிக்கிறது’ என்று வீட்டில் சொல்வார்களே, அதற்கும் பெரும்பாலும் காரணம் இதுதான். ஏரித் தண்ணீரில் இருக்கும் சில நுண்ணுயிர்களும் ஜியோஸ்மின் தயாரிக்கின்றன. அது மீனின் கொழுப்பில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இங்கேதான் நம் பாட்டிமாரின் கைவண்ணத்தைப் பார்க்க வேண்டும். கெண்டை மீன் குழம்புக்குப் புளியைத் தாராளமாகக் கரைத்து ஊற்றுவார்கள். ஜியோஸ்மின் புளிப்பில் நிற்காது. அமிலம் பட்டால் சிதைந்து, வாடையில்லாத வேறு பொருளாக மாறிவிடும். இந்த வேதியியலை அடுப்படி முன்கூட்டியே கண்டுபிடித்திருக்கிறது.

சரி, தரையில் இருக்கும் வாசனை மூக்குக்கு எப்படி ஏறி வருகிறது? 2015-ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் வேகமான கேமராவை வைத்து, மழைத்துளி மண்ணில் விழுவதைப் படம் பிடித்தார்கள். துளி விழுந்து தட்டையாகும்போது, மண்ணின் நுண்துளைகளில் உள்ள காற்று துளிக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. அது குமிழியாகி, துளிக்குள்ளேயே மேலேறி, உச்சியில் உடைகிறது. உடையும்போது கண்ணுக்குத் தெரியாத நீர்த்திவலைகள் தெறிக்கின்றன. மண்ணில் இருந்த வாசனை அவற்றில் ஏறிக்கொண்டு காற்றோடு பறக்கிறது. கொட்டித் தீர்க்கும் மழையைவிட, மெல்லிய, மிதமான தூறலில்தான் இது அதிகம் நடக்கிறது. தூறல் தொடங்கும் நேரத்தில் வாசனை தூக்கலாக இருக்கிறதே, இப்போது காரணம் தெரிந்துவிட்டது.

பாக்டீரியா எதற்காக வாசனை தயாரிக்க வேண்டும்? அதற்கு என்ன லாபம்? 2020-இல் சுவீடன், பிரிட்டன் விஞ்ஞானிகள் இதற்கு ஒரு விடை கண்டார்கள். மண்ணில் துள்ளுவால் பூச்சிகள் என்று மிகச் சிறிய உயிர்கள் உண்டு. பழைய இலைக்குப்பையைக் கிளறினால் எள்ளைவிடச் சின்னதாக எகிறிக் குதிக்கும். ஜியோஸ்மின் வாசனை வந்தால் இவை தேடிக்கொண்டு வருகின்றன. வந்து பாக்டீரியாவைத் தின்கின்றன. தின்னும்போது அதன் நுண்விதைகள் பூச்சியின் உடம்பில் ஒட்டிக்கொள்கின்றன. எச்சத்தோடும் வெளியே வருகின்றன. பூச்சி போகும் இடமெல்லாம் பாக்டீரியாவும் பரவுகிறது. நாம் ரசிக்கும் மண்வாசனை, துள்ளுவால் பூச்சிக்கு வைத்த சாப்பாட்டு அழைப்பு.

இதே ஸ்ட்ரெப்டோமைசிஸ் குடும்பத்துப் பாக்டீரியா ஒன்றிலிருந்துதான் 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தைக் கண்டுபிடித்தார்கள். காசநோயைக் குணப்படுத்திய முதல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அது. செல்மன் வாக்ஸ்மன் என்ற விஞ்ஞானியின் ஆய்வகத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் மண்ணைச் சோதித்துக் கண்டெடுத்தார். காலில் ஒட்டும் மண்ணைத் தட்டிவிட்டுப் போகிறோமே, அதற்குள் இவ்வளவு இருக்கிறது.

மழை வலுத்து இடி இடிக்கத் தொடங்கினால் வீட்டுக்குள்ளேயே இருங்கள். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு என்று நொடிகளை எண்ணுங்கள். இடி கேட்க மூன்று நொடி ஆனால் மின்னல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரத்தில். ஒளி உடனே வந்துவிடும். ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான் நடக்கும்.

மழை விட்டு, காற்று அடங்கி, பொழுது சாய்கிறது. இப்போது புற்றுப் பக்கம் போய்ப் பாருங்கள், கட்டாயம் பெரியவர் ஒருவரோடு, காலில் செருப்போடு. மழைக்குப் பிறகு பாம்பும் தேளும்கூட வெளியே வரும். புற்றைத் தொடாமல் எட்ட நின்று பார்த்தால் போதும். நேற்றுவரை வழவழவென்று மூடியிருந்த புற்றில் சின்னச் சின்னக் கீறல்கள் தெரியும். கறையான்கள்தாம் உள்ளிருந்து திறந்துவிட்டிருக்கின்றன. ஒவ்வொரு கீறலின் விளிம்பிலும் பழுப்புத் தலையும் கூரிய தாடையுமாகக் காவல் கறையான்கள் நிற்கும். அவற்றுக்கு நடுவே ஈசல்கள் முண்டியடித்துக்கொண்டு வெளியே வரும். ஒரு நிமிடம் தயங்கும். பிறகு தள்ளாடித் தள்ளாடி மேலே எழும்பும்.

ஈசல் தனிப் பூச்சி இல்லை. இறகு முளைத்த கறையான்தான். ஒரு புற்றுக்குள் இருக்கும் லட்சக்கணக்கான கறையான்களில், புதுக் குடும்பம் தொடங்கப் போகிறவற்றுக்கு மட்டும் நான்கு இறகுகள் முளைக்கும். அவை உடனே கிளம்பிவிடாது. தரை நனைந்து, காற்றில் ஈரம் நிறைந்து, புழுக்கமாக இருக்கும் ஒரு பொழுதுக்காகப் புற்றுக்குள்ளேயே காத்துக்கிடக்கும். ஊரில் உள்ள எல்லாப் புற்றுகளுக்கும் அதே மழைதான் அடையாளம் என்பதால் ஒரே சாயங்காலத்தில் எல்லாம் புறப்படுகின்றன. அதனால்தான் ஒரு புற்றின் ஆண், வேறொரு புற்றின் பெண்ணைச் சந்திக்க முடிகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஈசலைத் தின்னக் காத்திருப்பவர்களின் பட்டியல் நீளமானது. காகம், மைனா, கரிச்சான், கோழி, தட்டான், பல்லி, தவளை, இருட்டினால் வௌவால். நாய்கூட வாயைத் திறந்துகொண்டு துரத்தும். மனிதர்களும்தான்! புற்றுக்குப் பக்கத்தில் குழி வெட்டி, விளக்கு வைத்து ஈசல் பிடித்து, அரிசியோடு சேர்த்து வறுத்துத் தின்பது கிராமங்களில் பழைய வழக்கம். கொழுப்பும் புரதமும் நிறைந்த நல்ல உணவு அது. கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் ஒன்றுகூட மிஞ்சாது. எல்லாம் சேர்ந்து வந்தால், தின்பவர்களுக்கு வயிறு நிறைந்த பிறகும் சில மிஞ்சும்.

அந்தச் சிலவற்றைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ‘ஈசலுக்கு ஒரு நாள் வாழ்வு’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெரும்பாலான ஈசல்களுக்கு அது உண்மை. தப்பிப் பிழைத்தவற்றின் கதை வேறு. தரையில் இறங்கியதும் ஈசல் உடம்பை ஒரு நெளி நெளிக்கும். இறகுகள் கழன்று விழும். இறகின் அடியில் உடைவதற்கென்றே ஒரு கோடு இருக்கிறது. கீழே கிடக்கும் இறகு ஒன்றை எடுத்துப் பாருங்கள், எல்லாம் ஒரே இடத்தில் முறிந்திருக்கும். இறகு போனதும் இரண்டு இரண்டாகத் திண்ணையில் ஓடும். முன்னால் போவது பெண். அதன் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டே பின்னால் போவது ஆண். முன்னால் போவது திரும்பினால் பின்னால் வருவதும் திரும்பும்.

அந்த ஜோடி ஈரமண்ணில் ஒரு துளை தோண்டி உள்ளே போய், வாசலை அடைத்துக்கொள்ளும். இனிமேல் அவை ராஜாவும் ராணியும். முதல் குஞ்சுகளை வளர்க்க உணவு வேண்டுமே? இனித் தேவைப்படாத பறக்கும் தசைகள் உடம்புக்குள்ளேயே கரைந்து சத்தாக மாறுகின்றன. எல்லாம் நல்லபடியாக நடந்தால் அந்த ராணி பல ஆண்டுகள் வாழும். பெரிய புற்றின் ராணி ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நீங்கள் பள்ளிக்கூடம் போகும் வழியில் இருக்கும் ஆள் உயரப் புற்றும் இப்படி ஒரு மழை நாளில், ஒரு ஜோடி ஈசலில் தொடங்கியதுதான்.

உங்களால் ஈசலுக்கு ஒரு உதவி செய்ய முடியும். வாசல் விளக்கை ஒரு மணி நேரம் அணைத்து வையுங்கள். விட்டில் போன்ற பூச்சிகள் விளக்கைச் சுற்றுவது ஆசையால் அல்ல என்று 2024-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. பறக்கும் பூச்சிகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் முதுகைத் திருப்பிக்கொள்ளும். இரவில் வானம்தான் தரையைவிட வெளிச்சம். அதனால் முதுகு வானத்தைப் பார்த்தால் நேராகப் பறக்கலாம். நடுவில் நாம் ஒரு மின்விளக்கைப் போட்டால் அதற்கு முதுகைக் காட்டிக் காட்டியே சுற்றிச் சுற்றி வந்து மாட்டிக்கொள்கின்றன.

இருட்டியதும் கச்சேரி தொடங்கும். குட்டை, வயல், வாய்க்கால், சாலையோரப் பள்ளம் எல்லா இடத்திலும் தவளைச் சத்தம். இத்தனை நாளும் இவை எங்கே இருந்தன? வயலில் வாழும் பெரிய தவளைகள் வறண்ட மாதங்களில் மண்ணுக்குள்ளும் ஈரமான வளைகளுக்குள்ளும் அசையாமல் ஒடுங்கிக் கிடக்கும். மழை ஈரம் கீழே இறங்கியதும் எழுந்து வரும். வந்ததும் தாகம் தீர்க்கும், ஆனால் வாயால் அல்ல. தவளை தண்ணீரை வாயால் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடையிலும் உள்ள மெல்லிய தோல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். தேங்கிய நீரில் சும்மா உட்கார்ந்திருக்கிறதே என்று நாம் நினைக்கும் தவளை, உண்மையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது.

டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு, கரையில் நின்றபடியே பாருங்கள். நல்ல மழைக்குப் பிறகு பெரிய ஆண் தவளைகள் மஞ்சள் நிறமாக மாறியிருக்கும். வெளிறிய மஞ்சள் இல்லை. சாமந்திப்பூவின் பளிச்சென்ற மஞ்சள். கழுத்தின் இரண்டு பக்கமும் நீல நிறத்தில் இரண்டு பைகள் உப்பும், சுருங்கும். பார்க்கிறவர்கள் யாரோ சாயம் பூசிவிட்டார்கள் என்றே நினைப்பார்கள். ஜோடி சேரும் நாட்கள் முடிந்ததும் பழையபடி பச்சையும் பழுப்புமாகிவிடும். பெண் தவளை நிறம் மாறாது.

கத்தும் தவளையின் வாயைக் கவனித்தீர்களா? மூடியிருக்கும்! நாம் வாயை மூடிக்கொண்டு கத்த முடியாது. தவளை நுரையீரலில் இருக்கும் காற்றைக் குரல்வளை வழியாகக் கழுத்துப் பைக்குத் தள்ளுகிறது. அங்கிருந்து மறுபடி நுரையீரலுக்கு இழுத்துக்கொள்கிறது. அதே காற்றை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் கத்தலாம். உப்பிய பை சத்தத்தைப் பெரிதாக்கி வெளியே அனுப்புகிறது. ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு குரல். நமக்கு ஒரே இரைச்சலாகக் கேட்கும் அந்தக் கூட்டத்தில், பெண் தவளை தன் இனத்தின் குரலை மட்டும் பிரித்தறிந்து போகும். நீங்களும் கண்ணை மூடிக்கொண்டு எத்தனை விதமான குரல் கேட்கிறது என்று பிரித்துப் பாருங்கள். தட்டுவது மாதிரி ஒன்று, கரகரவென்று ஒன்று, அடித்தொண்டையில் ஒன்று என்று மெல்ல மெல்லப் பிரிபடும்.

ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து தவளைக்கால்களை வெளிநாட்டுக்குச் சாப்பாட்டுக்காக ஏற்றுமதி செய்தார்கள். இந்தப் பெரிய தவளைகளைத்தான் வயல் வயலாகப் பிடித்தார்கள். 1987-இல் அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. வயலில் பூச்சியைத் தின்ன ஆள் வேண்டாமா? இந்தத் தவளையின் தலைப்பிரட்டைகளுக்குக் கொசுப்புழுக்களும் உணவுதான். எடுத்தது மிகச் சரியான முடிவு.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்தவருக்கு வருகிறேன். அவரைப் பார்க்க மறுநாள் காலையில் வெயில் ஏறுவதற்குள் போக வேண்டும். செம்மண் தரை, புல் முளைக்கத் தொடங்கிய மேய்ச்சல் நிலம், பனங்காட்டு ஓரம், இப்படிப்பட்ட இடங்களில் குனிந்து தேடுங்கள். நல்ல சிவப்பில், பட்டுத்துணியில் வெட்டியெடுத்த ஒரு சின்னத் துண்டு மெதுவாக நகரும். பட்டுப்பூச்சி, தம்பலப்பூச்சி, வெல்வெட் பூச்சி என்று ஊருக்கொரு பெயர்.

குந்தி உட்கார்ந்து பாருங்கள். உடம்பு முழுக்கக் குட்டைக் குட்டையான முடிகள் நெருக்கமாக இருப்பதால்தான் அந்தப் பட்டுத் தோற்றம். மழைத்துளி பட்டாலும் உடம்பு நனைந்ததாகத் தெரியாது. கால்களை எண்ணுங்கள். எட்டு! பூச்சிகளுக்கு ஆறு கால்தான். அப்படியானால் பட்டுப்பூச்சி பூச்சியே இல்லை; சிலந்தி, தேள், உண்ணி இவற்றின் சொந்தம். முன்னங்கால் இரண்டாலும் தரையைத் தட்டித் தட்டித் தடவிக்கொண்டு நடக்கும். புல்லால் லேசாகத் தொட்டால் கால்களை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு உருண்டையாக, அசையாமல் இருக்கும். நீங்களும் அசையாமல் இருந்தால், சிறிது நேரத்தில் ஒரு கால் வெளியே வரும். பிறகு இன்னொன்று.

ஆண்டின் பெரும் பகுதியை இது மண்ணுக்குள்தான் கழிக்கிறது. மழைக்குப் பிறகு கொஞ்ச நாள் மட்டும் மேலே வந்து, இரை தேடி, ஜோடி சேர்ந்து, முட்டையிட்டு, மறுபடி இறங்கிவிடும். கறையானும் சிறு பூச்சிகளின் முட்டைகளும் இதன் இரை. ஈசல் பறந்து முடிந்த மறுநாளில் பட்டுப்பூச்சி நடமாடுவது தற்செயல் இல்லை. இதன் குஞ்சுகளுக்கு ஆறே கால்கள்; வெட்டுக்கிளி போன்ற பூச்சிகளின் உடம்பில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சி வளரும். இவ்வளவு பளிச்சென்று பட்டப்பகலில் நடந்தும் பறவைகள் ஏன் இதைக் கொத்துவதில்லை? ருசி மோசம். ‘என்னைத் தின்றால் நீ வருந்துவாய்’ என்று அந்தச் சிவப்பு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் நம் புலவர்கள் இதைக் குனிந்து பார்த்திருக்கிறார்கள். சங்க இலக்கியத்தில் இதற்கு மூதாய் என்று பெயர். சிவந்த நிலத்துப் பாதையில் உதிர்ந்து கிடக்கும் காயாம்பூக்களுக்கு நடுவே மூதாய்கள் ஊர்வதை அகநானூற்றில் பார்க்கலாம். காயாம்பூ நீல நிறம். நீலத்துக்கு நடுவே சிவப்பு நகர்வதை அவ்வளவு நுணுக்கமாகக் கவனித்திருக்கிறார்கள்.

பிள்ளைகள் இதைப் பிடித்துத் தீப்பெட்டிக்குள் வைத்துக்கொள்வது உண்டு. புல்லும் போட்டு வைப்பார்கள். ஆனால் அது புல் தின்னாது. பெட்டிக்குள் ஈரமும் இல்லை, மண்ணும் இல்லை. மழைக்காக மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு, வெளியே இருக்கக் கிடைத்த சில நாட்களைத் தீப்பெட்டிக்குள் கழிக்க வைப்பது நியாயமா? உள்ளங்கையில் ஒரு நிமிடம் ஏற்றி, எண்ணி, ரசித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

சுவரோரம் மரவட்டைகளும் கிளம்பியிருக்கும். ரயில்பூச்சி என்றும் சொல்வோம். அதன் உடம்பில் ஈரத்தைக் காக்கும் மெழுகுப் பூச்சு சரியாக இல்லாததால், வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். அதனால்தான் மழை நாளாகப் பார்த்துப் பயணம். உடம்பின் பெரும்பாலான வளையங்களில் இரண்டிரண்டு ஜோடிக் கால்கள். அவை நகரும்போது பக்கவாட்டில் அலை அலையாக ஓடுவதைப் பாருங்கள். தொட்டிருந்தால் கையைக் கழுவாமல் கண்ணில் வைக்காதீர்கள். அதன் உடம்பில் சுரக்கும் நீர் எரியும்.

சில நாள் கழித்துப் புற்றின் மேல் வெள்ளைக் குடைகள் முளைக்கும். புற்றுக்காளான். கறையான்கள் புற்றுக்குள்ளே தோட்டம் போட்டு ஒரு பூஞ்சையை வளர்க்கின்றன. கடித்து அரைத்த மரத்தூளும் சருகும்தான் தோட்டத்துக்கு உரம். பூஞ்சை அதை மக்கவைத்துத் தரும்; கறையான் தின்னும். மழைக்குப் பிறகு அந்தப் பூஞ்சை வெளியே அனுப்பும் குடைதான் நாம் பார்க்கும் காளான். எது நல்ல காளான், எது விஷக் காளான் என்று அனுபவம் உள்ளவர்களுக்குத்தான் தெரியும். நீங்களாகப் பறித்துத் தின்னவே கூடாது.

இத்தனை பேரும் மழையைக் கொண்டாடும்போது, மழையே வேண்டாம் என்று ஒதுங்கியிருக்கும் ஒருவரும் உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். ஓட்டுத் தாழ்வாரத்துக்குக் கீழே, சாரல் படாத பொடி மண்ணில், புனல் வடிவத்தில் சின்னச் சின்னக் குழிகள் தெரிகின்றனவா? அவைதான் குழிநரியின் வீடு. குழியானை என்றும் சொல்வார்கள். பின்பக்கமாகவே நடந்து, வட்டமடித்து, தலையால் மண்ணை வெளியே எறிந்து குழி தோண்டும். காய்ந்த பொடி மண் ஒரு அளவுக்கு மேல் செங்குத்தாக நிற்காது, சரிந்துவிடும். சரியாக அந்தச் சரிவில் குழியைக் கட்டிவிட்டு, அடியில் மண்ணுக்குள் தாடையை மட்டும் விரித்து வைத்துக் காத்திருக்கும். விளிம்பில் எறும்பு கால் வைத்தால் மண் சரியும். ஏறித் தப்பிக்கப் பார்த்தால், கீழேயிருந்து மண்ணை வாரி அடிக்கும். ஈரமண் சரியாது என்பதால்தான் அதற்குக் கூரை தேவைப்படுகிறது. இதுவும் ஒரு நாள் மண்ணுக்குள்ளேயே பட்டு இழையால் கூடு கட்டி, தட்டானைப் போலத் தோன்றும் இறகுப் பூச்சியாக வெளியே வந்து அந்தியில் பறந்துபோகும்.

வாசனை தந்த பாக்டீரியா, ஈசல், தவளை, பட்டுப்பூச்சி, மரவட்டை, குழிநரி, இவர்களில் யாரும் மழையோடு வானத்திலிருந்து வந்தவர்கள் இல்லை. கோடை முழுக்க நம் காலுக்குக் கீழேயே இருந்தவர்கள். அவர்களுக்கு வேண்டியது மூடப்படாத மண். இப்போது பல கிராமங்களில் முற்றத்துக்கும் சிமென்ட் போடுகிறோம். தெருவுக்கும் பேவர் பிளாக் பதிக்கிறோம். சேறு இல்லாமல் நடக்க அது வசதிதான், பாதைக்கு அது வேண்டும்தான். ஆனால் சுவருக்குச் சுவர் ஒரு சாண் இடம்கூட விடாமல் மூடுவது தேவையில்லை என்பதுதான் என் கருத்து. மழைத்தண்ணீர் உள்ளே இறங்கவும் வழி இருக்காது, உள்ளே இருப்பவர்கள் வெளியே வரவும் வழி இருக்காது.

உங்கள் வீட்டிலோ பள்ளிக்கூடத்திலோ புதிதாகத் தளம் போடப்போகிறார்கள் என்றால், ஒரு மூலையை மட்டும் மண்ணாகவே விடச் சொல்லிக் கேளுங்கள். ஒரு பாய் விரிக்கும் அளவு இருந்தால் போதும். அங்கே சருகைக் கூட்டி எரிக்காமல் அப்படியே கிடக்க விடுங்கள். ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் மழை பெய்த தேதி, முதல் ஈசல் பறந்த தேதி, முதல் தவளைச் சத்தம் கேட்ட தேதி, முதல் பட்டுப்பூச்சியைப் பார்த்த தேதி, இந்த நான்கையும் ஆண்டுதோறும் எழுதி வாருங்கள். எந்த மழைக்கு யார் முதலில் வருகிறார்கள், ஒவ்வொரு ஆண்டும் அதே வரிசைதானா, மழை தள்ளிப்போனால் அவர்களும் தள்ளி வருகிறார்களா என்பதையெல்லாம் உங்கள் நோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். உங்கள் ஊர் மண்ணைப் பற்றி உங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான் எழுத முடியும். அடுத்த மழைக்கே தொடங்குங்கள்.